வன்னியில் நேரமும் பெயரும்: போலிக் கைக்கடிகாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைக்கடிகாரம் இரண்டு செய்திகளை ஒருங்கே உரைக்கும் கருவியாகும். அதன் முட்கள் பொழுதைச் சொல்கின்றன. அதன் முகத்தில் எழுதப்பட்ட பெயர், அதனை ஆக்கியோர் இன்னார் என்பதைச் சொல்கிறது. முதலாவது செய்தியின் மெய்ம்மையை ஞாயிற்றின் நிழலைக் கொண்டோ வானொலியின் மணியொலியைக் கொண்டோ எவரும் சோதித்தறியலாம். இரண்டாவது செய்தியைச் சோதிப்பது அத்துணை எளிதன்று. மூடியைத் திறந்து உட்பொறியை நோக்கும் பயிற்சி உடையோர் சிலரே. ஏனையோர் பெயரை நம்பவே வேண்டியவராயுள்ளனர்.

இன்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வாழும் ஓர் இளைஞரின் கைத்தொலைபேசித் திரையில், உலகப் புகழ்பெற்ற சுவிற்சர்லாந்துக் கடிகாரங்களின் படங்கள் சில ஆயிரம் ரூபா விலையுடன் விளம்பரமாகத் தோன்றுகின்றன. றோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மறைனர் எனும் கடிகாரத்தின் மெய்யான விலை 9,000 அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டது. இலங்கை நாணயத்திற் பல இலட்சம். திரையிற் காண்பதன் விலையோ ஒரு மூடை நெல்லின் விலையோடு ஒப்பிடத்தக்கது. விற்போர் அதனை ‘றெப்ளிக்கா’ என்றும் ‘மாஸ்டர் கொப்பி’ என்றும் வெளிப்படையாகவே பெயரிட்டு விற்பதும் உண்டு. பொதி வீட்டு வாயிலுக்கு வருகிறது. பணத்தைக் கையிற் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.

இதனை இற்றைநாள் இளைஞரின் பகட்டு என ஒதுக்கிவிடுவோர் உளர். வரலாற்று மாணவருக்கு அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. கடிகாரத்தின் மெய்யும் பொய்யும் பற்றிய வினா வன்னி நிலத்திற்குப் புதியதன்று. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அங்கு முதலில் நேரமே இரண்டுபட்டு நின்றது. பின்னர் நேரம் ஒன்றாகி, பெயர் இரண்டுபட்டது. இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதே போலிக் கடிகாரம் அங்கு எதற்காக வாங்கப்படுகிறது என்பது விளங்கும்.

பொழுதை அளக்கும் தொழில் தமிழரிடையே தொன்மையானது. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்து, ஒரு நாழிகையை இன்றைய கணக்கில் 24 நிமிடமாகக் கொண்டனர். முல்லைப்பாட்டிலே, பாசறையில் நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போர் வருகின்றனர். பொய் கூறாதவர் என்னும் பொருள்படப் புலவர் அவர்களை அடைமொழி தந்து சுட்டுவது ஈண்டு நோக்கற்பாலது. பொழுது சொல்வோரிடம் முதலில் எதிர்பார்க்கப்பட்டது வாய்மையே என்பது இதனாற் பெறப்படும். எனினும் குளத்தையும் மழையையும் நம்பி வாழ்ந்த வன்னிக் கமக்காரருக்கு நாழிகையின் நுண்கணக்கு அன்றாடம் வேண்டப்படவில்லை. நீர் திறப்பதும் விதைப்பதும் சூடடிப்பதும் நாளாலும் கோளாலும் அறுதியிடப்பட்டனவேயன்றி, நிமிடத்தால் அல்ல.

நிமிடம் வன்னிக்குள் புகையிரதத்தோடு வந்தது எனலாம். 1905 ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய நிலையங்களில் வண்டி குறித்த மணிக்கு வந்து குறித்த மணிக்குப் புறப்பட்டது. மறு ஆண்டே, அதாவது 1906 ஜனவரி 1ஆந் திகதி, கொழும்பின் இடநேரம் கைவிடப்பட்டு, கிறீனிச் நேரத்திலும் 5 மணி 30 நிமிடம் முற்பட்ட பொதுநேரம் தீவு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. இப்பொதுநேரத்துக்கு ஆதாரமான 82½ பாகைத் தீர்க்கக்கோடு இலங்கைக்குக் கிழக்கே கடலிற் செல்கிறது. கிளிநொச்சி ஏறத்தாழ 80.4 பாகையில் அமைந்திருப்பதால், அங்கு ஞாயிறு உச்சியை அடைவது சராசரியாகப் பகல் 12 மணிக்குச் சுமார் 8 நிமிடத்தின் பின்னராகும். ஆகவே ஆங்கிலேயர் நாட்டிய நேரமும் வானத்து நேரத்தோடு முற்றாக ஒத்ததன்று. ஆனால் அந்த 8 நிமிடத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. இவ்வெண்ணிக்கையை நினைவில் இருத்துதல் நன்று, பின்னர் வேண்டப்படும்.

புகையிரத நிலைய அதிபரிடத்தும் தபாலதிபரிடத்தும் பாடசாலைத் தலைமையாசிரியரிடத்தும் இருந்த மணிக்கூடு, காலப்போக்கிற் குடியானவரின் கைக்கும் வந்தது. இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்களும், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் எழுந்த குடியேற்றத் திட்டங்களும் காசுப்பயிர்ச் செய்கையை வளர்த்தன. 1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் வடபகுதிக் கமக்காரர் கையிற் பணம் புழங்கிற்று. அப்பணத்திற்கு வாங்கத்தக்க வெளிநாட்டுப் பண்டம் கடையில் இருக்கவில்லை. மிளகாயைக் காத்த அதே கொள்கை கடிகாரத்தையும் தடுத்தது. 1977 இற் சந்தை திறக்கப்பட்டபோது யப்பானிய, ஹொங்கொங் கடிகாரங்கள் கடைகளில் நிறைந்தன. மிளகாயின் விலையோ வீழ்ந்தது. காசு இருந்தபோது கடிகாரம் இல்லை. கடிகாரம் வந்தபோது காசு இல்லை. வன்னிக் கமக்காரரின் பொருளாதார வரலாற்றில் இம்முரண் ஒரு சிறு பகுதியே. ஆயினும் பண்டத்தின் மீதான ஏக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அது ஓரளவு காட்டும்.

ஆயினும் அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல மணிக்கூடு வந்துவிட்டால் அது நெடுங்காலம் நிலைத்தது. மணமகனுக்குப் பெண்வீட்டார் கைக்கடிகாரம் கொடுப்பது வழக்காயிருந்தது. நாள்தோறும் காலையிற் சாவி கொடுப்பதும், குளிக்குமுன் கழற்றி வைப்பதும், ஆண்டுக்கொருமுறை நகரத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து எண்ணெயிடுவிப்பதும் ஒழுங்குகளாயின. அதன் பெயர் மதிக்கப்பட்டது என்றால், அப்பெயர் பொறியின் உழைப்புக்கு உறுதியாயிருந்தமையாலேயே மதிக்கப்பட்டது. பயன்பாட்டுப் பெறுமதியும் மதிப்பும் அப்போது பிரிந்து நிற்கவில்லை.

அவற்றைப் பிரித்தது குவாட்ஸ் பொறி. 1969 டிசெம்பர் 25ஆந் திகதி யப்பானின் செய்க்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. தொடக்கத்தில் அது பெருவிலைப் பண்டமே. ஆனால் பத்தாண்டுகளுக்குள் மின்கலத்தாலியங்கும் மலிவான கடிகாரம், கைத்தேர்ச்சியோடு ஆக்கப்பட்ட விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரத்தைவிடத் திருத்தமாக நேரங்காட்டத் தொடங்கிற்று. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் 30,000 பேரளவினரே. எஞ்சிய நிறுவனங்களுட் பல, நேரத்தை விற்பதைக் கைவிட்டுப் பெயரையும் மரபையும் விற்கத் தலைப்பட்டன. விலையின் பெரும்பங்கு முகத்திலுள்ள சொல்லில் வந்து தங்கியது. அச்சொல்லை அச்சடிப்பதற்கோ சில சதமே செலவாகும். போலித் தொழில் இக்காலந்தொட்டு உலகளாவிய பெருந்தொழிலாக வளர்ந்தமைக்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை.

போலி செய்தல் சீனரின் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் பதினெட்டாம் நூற்றாண்டின் வரலாற்றை மறந்தோரே. அக்காலத்திற் கடிகாரத்திற் பேர்போன நகரம் இலண்டன். ஐரோப்பாக் கண்டத்திலே, குறிப்பாகச் சுவிஸ் பகுதிகளிலே, ஆக்கப்பட்ட மலிவான கடிகாரங்கள் இலண்டன் கைவினைஞரின் பெயரைப் பொறித்துக்கொண்டு சந்தைக்கு வந்தன. ஒல்லாந்தப் பாணியில் முகம் அமைந்தமையாலும் ஒல்லாந்த வணிகர் வழி விற்கப்பட்டமையாலும் அவற்றை ‘ஒல்லாந்தப் போலிகள்’ எனக் கடிகார வரலாற்றாசிரியர் வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறில் அமெரிக்கக் கடிகாரங்கள் புகழ்பெற்றபோது, அவற்றின் தோற்றத்தையும் பெயரின் சாயலையும் ஏற்ற சுவிஸ் போலிகள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயின. பிரித்தானியா 1887 இல் வணிகப் பண்டக் குறிச் சட்டத்தை இயற்றியது. அதன் அடியொற்றி மறு ஆண்டே இலங்கையிலும் ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. சுவிற்சர்லாந்து தன் நாட்டுப் பெயரைக் கடிகாரத்தில் எவர் எழுதலாம் என்பதை விரிவாக வரையறுத்தது 1971 இல்தான். நேற்று பிறர் பெயரைத் திருடியோர் இன்று தம் பெயருக்குக் காவல் நிற்கின்றனர் என்று எள்ளுதல் எளிது. எனினும் இடைப்பட்ட நூறாண்டில் அந்நாட்டார் தம் பெயரைத் தாமே தேடிக்கொண்டனர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இலங்கையில் இதனினும் பழைய ஒரு சான்று உண்டு. கிறித்துவுக்குப் பின் 4 ஆம், 5 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் செப்புக்காசுகள் தீவின் பல இடங்களிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு, அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட காசுகளும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. 1924 இல் வெளிவந்த கொட்றிங்டனின் நூல் முதலாக நாணயவியலாளர் இவற்றை ஆராய்ந்துள்ளனர். பேரரசனின் தலை கோடுகளாகச் சிதைந்தும், இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கீறல்களாக மாறியுங் காணப்படும் இக்காசுகள் உள்ளூரில் அச்சிடப்பட்டன என்பது அவர்களிற் பலரின் முடிபு. இவற்றைக் கைமாற்றிய சந்தை மக்களுள் எவரும் இவை உரோமாபுரியில் வார்க்கப்பட்டவை என நம்பி ஏமாந்திருப்பர் எனக் கருதுவதற்கில்லை. சில்லறை வேண்டியிருந்தது, பழகிய வடிவம் ஒன்று கைக்கு எட்டியது, அது செலாவணியாயிற்று. ஆகவே போலி இருக்குமிடமெல்லாம் வஞ்சனை இருந்தே தீரும் என்பதில்லை. யார், எதனை, யாரிடமிருந்து மறைக்கிறார் என்பதை ஒவ்வோரிடத்தும் தனித்தனியே வினவுதல் வேண்டும்.

மீண்டும் வன்னிக்கு வருவோம். 1990 இற் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு தொடங்கிய போரோடு, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பொருள்கள் செல்வதன் மீது அரசு தடை விதித்தது. எரிபொருள், சீமெந்து முதலியவற்றோடு மின்கலமும் அத்தடைப் பட்டியலில் இடம்பெற்றது. மின்கலம் கிடையாத இடத்தில் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. குவாட்ஸ் பொறி வென்றுவிட்டதாக உலகம் முடிவுகட்டியிருந்த அந்நாளில், மின்கலத்தை வேண்டாத பழைய சாவிக் கடிகாரத்துக்கு வன்னியில் மீண்டும் ஒரு பொருளுண்டாயிற்று. தொழில்நுட்ப வரலாறு எங்கும் ஒரே திசையிற் செல்வதன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்களுட் பெருந்தொகையினர் அடுத்த மாதங்களில் வன்னியை வந்தடைந்தனர். தகரப்பெட்டியில் உறுதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் நகையும் வந்தன.

இந்நிலையில் 1996 மே 25ஆந் திகதி, வரட்சியால் நீர்மின்சாரம் குன்றியதைக் காரணங்காட்டி, அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னகர்த்தியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி அதில் அரை மணி குறைக்கப்பட்டது. அன்று முதல் இலங்கையின் சட்டபூர்வ நேரம் கிறீனிச் நேரத்திலும் 6 மணி முற்பட்டதாயிற்று. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இம்மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கு முன்னிருந்த 5 மணி 30 நிமிட நேரமே தொடர்ந்தது. ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்னும் இரு சொற்கள் மக்கள் வழக்கில் நிலைத்தன. திருமண முகூர்த்தம் எந்த நேரப்படி என்பதை அழைப்பிதழ் பெற்றோர் கேட்டறிய வேண்டியதாயிற்று.

எது மெய்யான நேரம்? முன்னர்க் கூறிய 8 நிமிடக் கணக்கை இங்கு எடுத்துப் பார்க்கலாம். பழைய நேரப்படி கிளிநொச்சியில் உச்சிப்பொழுது சராசரியாக 12.08. 1996 மே முதல் ஒக்ரோபர் வரை கொழும்பு நேரப்படி அது 1.08. அதன்பின் 12.38. ஞாயிற்றைச் சாட்சியாக அழைத்தால் வன்னியின் நேரமே மெய்க்கு அணித்தாயிருந்தது. அது தமிழ்நாட்டு வானொலி சொல்லும் நேரமுமாயிருந்தது. சட்டத்தைச் சாட்சியாக அழைத்தால் கொழும்பின் நேரமே மெய். இரு பகுதியிலும் ஆட்சி செய்தோர் வானியலை முன்னிட்டு முடிவெடுக்கவில்லை என்பது வெளிப்படை. கொழும்பு மின்சாரத்தை நோக்கிற்று; கிளிநொச்சியோ, தனக்கெனக் காவற்றுறையும் நீதிமன்றும் வைப்பகமும் அமைத்துக்கொண்டதோர் ஆட்சியின் இருக்கையாக, கொழும்பின் ஆணை தன் எல்லைக்குள் செல்லாது என்பதை மணிக்கூட்டின் வாயிலாகவும் உணர்த்திற்று. நேரமும் ஒரு கொடியைப்போல ஏற்றப்பட்டது. இதிற் சாதாரண குடிமகனுக்கு வாய்த்த தெரிவு ஒன்றுமில்லை. தான் நிற்கும் நிலம் யாருடையதோ அவருடைய நேரத்தை அவன் கையிற் கட்டினான்.

2002 பெப்ரவரி 22ஆந் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பொருள்தடையின் பெரும்பகுதி அதற்கு முந்திய மாதமே நீக்கப்பட்டிருந்தது. ஏப்பிரலில் ஏ-9 வீதி யாழ்ப்பாணம்வரை மக்களுக்குத் திறக்கப்பட்டது. இதனால் ஒரு வினோதமான பயணம் இயல்வதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் ஒருவர் முகமாலையைக் கடந்ததும் கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்புவார். ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி முன்னே திருப்புவார். ஓமந்தைக் காவலரணைக் காலை 10 மணிக்குக் கடந்து வடக்கே வருபவர், புளியங்குளத்தை அடையும்போது மணி பத்தாகவில்லை. பன்னாட்டு எல்லை எதனையும் அவர் கடக்கவில்லை. விலையுயர்ந்த கடிகாரமாயினும் மலிவானதாயினும் இவ்விதி ஒன்றே. சுங்கத்தில் வரி செலுத்தி வாங்கிய, ஐயத்துக்கிடமில்லாத ஒறிஜினல் கடிகாரமும் காவலரணின் மறுபுறத்தில் ‘பிழையான நேரம்’ காட்டியது. பொறி பழுதின்றி இருக்கக் காட்டும் நேரம் மட்டும் பொய்யாகும் நிலையை உலகில் வெகுசிலரே இவ்வாறு அன்றாடம் பட்டறிந்திருப்பர்.

2006 ஏப்பிரல் 15ஆந் திகதி கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் ஓமந்தையின் இருபுறமும் ஒரே நேரமாயிற்று. நான்கு மாதங் கழியுமுன், ஆகஸ்ட் 11ஆந் திகதி, வீதி மூடப்பட்டது, போர் மீண்டது. 2009 ஜனவரி 2ஆந் திகதி கிளிநொச்சியும் அம்மாதம் 25ஆந் திகதி முல்லைத்தீவும் படையினர் வசமாயின. மே மாத நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அவ்விறுதி மாதங்களிற் கழுத்திலும் கையிலும் இருந்த பொன் அரிசிக்கு மாறிய கதை வன்னியில் வீட்டுக்கு வீடு உண்டு. எஞ்சியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. தலைமுறைகளாய்ச் சேர்ந்த வீட்டுப் பொருள்களுள், உடுத்த உடைக்கு மேற்பட்டு மீண்டது சிறிதே. தாத்தாவின் மணிக்கூடு என்று எடுத்துக்காட்ட ஒன்று இருக்கும் வீடுகள் வன்னியில் இன்று மிகச் சில.

இவ்வெறுமையின் மீதே புதிய சந்தை வந்திறங்கியது. 2009 இன் பின் ஏ-9 வீதியோரத்தில் விரைந்து எழுந்த கட்டடங்களுள் வங்கிகள், குத்தகைக் கம்பனிகள், கைத்தொலைபேசிக் கடைகள் என்பன முதன்மையானவை. புகையிரதம் 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. ஆனால் வண்டியின் நேரத்தை அறிய இப்போது கைக்கடிகாரம் வேண்டியதில்லை. தொலைபேசி அதனைத் தானே திருத்திக் காட்டுகிறது. கடிகாரம் தன் முதற்பணியை இழந்த பின்னரே, விலையுயர்ந்த கடிகாரத்தின் உருவம் வன்னிச் சிற்றூர்வரை சென்றது. அது காட்டும் நேரத்துக்காக அதனை எவரும் விரும்பவில்லை.

பெயருக்காக விரும்பினர் எனின், அப்பெயரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியோர் யார்? திரைப்படமும் இணையமும் ஒரு பங்கு. மறு பங்கு புலம்பெயர்ந்த உறவினருடையது. 1983 இன் பின் சுவிற்சர்லாந்திற் குடியேறிய இலங்கைத் தமிழர் இன்று சுமார் 50,000 பேர் எனப்படுவர். பேர்ண் மாநிலத்தில் அவர்கள் கணிசமாக வாழ்கின்றனர். அதே மாநிலத்துப் பீல் நகரிலேயே றோலெக்ஸ் கடிகாரத்தின் உட்பொறிகள் ஆக்கப்படுகின்றன. அகதியாகச் சென்று உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தோர் அனுப்பிய பணம் வன்னியின் வீடுகளுக்குக் கூரையிட்டது. அவ்வுறவினர் கோவில் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வரும்போது, கட்டியிருக்கும் கடிகாரம் ஊராரின் கண்ணிற் படுகிறது. அதற்கு அவர் எத்தனை மாத உழைப்பைக் கொடுத்தார் என்பதோ, அதுவும் ஒரு ‘கொப்பி’தானா என்பதோ எவருக்குந் தெரியாது. ஓர் இளைஞர் தன் மைத்துனனுக்குச் சமமாக மணப்பந்தலில் நிற்க வேண்டுமென எண்ணுவது பெருங்குற்றமன்று. சமத்துவத்தைப் பண்டத்தின் வழியாகவே தேடவேண்டிய நிலைக்கு ஒரு சமூகம் வந்தமை பற்றியே கவலைப்பட வேண்டும்.

அவர் வாங்குவது எது? பெரும்பாலும் சீனத்தின் தென்பகுதியில், குவாங்சோ, சென்சென் நகரங்களை அண்டி ஆக்கப்படும் பண்டம். குவாங்சோ புகையிரத நிலையத்தை அடுத்துள்ள மொத்தச் சந்தை இவ்வணிகத்திற் பேர்பெற்றது. போலிகளுள்ளும் சாதி வேற்றுமை உண்டு. மேல்தட்டுப் போலியில், சுவிஸ் பொறி ஒன்றை ஒத்த அமைப்புடைய தானியங்கிப் பொறி உள்ளிருக்கும். அத்தகைய பொறியைச் சீனத் தொழிற்சாலைகள் தம் பெயரிலேயே நேர்மையாக ஆக்கி விற்கின்றன. குற்றம் அதனைப் பிறர் பெயர் எழுதிய கூட்டுக்குள் அடைப்பதிலேயே பிறக்கிறது. இவற்றின் விலை பல நூறு டொலர். வன்னியில் வந்திறங்குவன பெரும்பாலும் கீழ்த்தட்டின. அவற்றுள் மிக மலிந்த குவாட்ஸ் பொறி இருக்கும். முகத்திற் காணும் மூன்று சிறு வட்டங்களும் ஓவியமாகவே இருத்தல் உண்டு. சப்மறைனர் என்பது ஆழ்கடலில் மூழ்குவோருக்கென 1953 இல் வெளிவந்த கடிகாரம். 300 மீற்றர் ஆழம் தாங்கும் என்ற உறுதி இன்று அதன் முகத்தில் எழுதப்பட்டுள்ளது. போலியின் முகத்திலும் அதே எழுத்து உண்டு. நந்திக்கடலில் இடுப்பளவு நீரில் வலைவீசும் ஒருவர் அதனை நம்பினால், மாலைக்குள் கண்ணாடியின் உட்புறம் நீர் அரும்பும். பெயர் பொய்த்தால் மானமே போகும். இவ்வெழுத்துப் பொய்த்தால் காசும் போய்விடும்.

சட்டம் இங்கு யாருக்குத் துணை? இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டக்கோவைக்குப் பதிலாக 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. போலிக்குறியிட்ட பண்டத்தை விற்பதும் விற்பனைக்காக வைத்திருப்பதும் அதன்படி குற்றம். இத்தாலியிலும் பிரான்சிலும் வாங்குவோரும் தண்டத்துக்குள்ளாகலாம். ஆயினும் சட்டத்தின் முதன்மை நோக்கு குறிக்கு உரியவரைக் காப்பதே. தெரிந்தே போலியை வாங்கிய ஒருவர், அது ஒரு மாதத்தில் நின்றுவிட்டது என்று எந்த மன்றில் முறையிடுவார்? விற்றவரின் முகவரி திரையில் தோன்றிய ஒரு பெயர் மட்டுமே. பொதி கொண்டுவந்தவருக்கு அதனுள் இருந்தது தெரியாது. 1988 இற் கிறோஸ்மன், ஷபிரோ எனும் பொருளியலாளர் இருவர் போலிச் சந்தையை இரண்டாகப் பகுத்து ஆராய்ந்தனர்: வாங்குவோரே ஏமாறும் சந்தை ஒன்று, வாங்குவோர் அறிந்தே வாங்கிக் காண்போரை ஏமாற்றும் சந்தை மற்றையது. இப்பகுப்பு நியாயமானதே. ஆனால் வன்னியின் நிலைமை இவ்விரண்டிலும் முழுமையாக அடங்கவில்லை. வாங்குபவர் போலி என்பதை அறிவார். காண்போரும் அனேகமாக அறிவர். அவர் அறிவர் என்பதை வாங்குபவரும் அறிவார். உரோமக் காசின் நிழலைக் கைமாற்றிய பழைய சந்தையின் தன்மை இதிற் சற்றுத் தென்படுகிறது. வஞ்சிக்கப்படுவது ஒருவேளை பொறியின் தரம் பற்றிய நம்பிக்கை மட்டுமே. அறியாமல் ஏமாறுவோரும் இல்லாமலில்லை. ‘தீர்வையற்ற ஒறிஜினல்’ என்ற சொல்லை நம்பி, நெல் விற்ற பணத்தையோ வெளிநாட்டிலிருந்து உண்டியலில் வந்த பணத்தையோ பெருந்தொகையாகக் கொடுத்தவருடைய இழப்பை மேற்கூறிய சமாதானம் எதுவும் ஈடுசெய்யாது. இவ்விரு வகையினரையும் ஒரே தட்டில் வைத்து நகையாடும் பத்திரிகைத் துணுக்குகள் வெறுக்கத்தக்கன.

பெயரின் மெய்மை கடைசியில் வெளிப்படும் இடம், நகரத்துக் கடைவீதியில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே உருப்பெருக்கியை ஒரு கண்ணிற் செருகி அமர்ந்திருக்கும் பழுதுபார்ப்பவரின் மேசை. அத்தொழிலைக் கற்போர் இன்று அருகிவிட்டனர். அவரிடம் வருவனவற்றுட் பெரும்பாலானவை மின்கலம் மாற்ற வருவன. முகத்தில் எப்பெயர் இருப்பினும் மூடியின் கீழே இருப்பது ஒரே வகைப் பொறி. அவர் அதனைக் கண்டும் ஒன்றுஞ் சொல்வதில்லை. வந்தவரும் கேட்பதில்லை. புதிய மின்கலத்தை இட்டு, மூடியை அழுத்தி, மேசையில் இருக்கும் தொலைபேசியைப் பார்த்து முள்ளைத் திருப்பிக் கொடுக்கிறார்.